வாசலுக்கு வெளியே இருபது ஞாயிறு

சபை வரலாறு எனக்குக் கப்பலில் வந்தது. இந்தியாவின் தெற்குக் கோடியில் ஒரு வேதசாஸ்திரப் பள்ளி இருந்தது. ஊழியம் செய்ய விரும்பியும் அங்கே போய்ப் படிக்க வழியில்லாதவர்களுக்கு அது தபாலில் பாடம் அனுப்பியது. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கயிறு கட்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டு. பினாங்கில் இறங்கி, ரயிலேறி, பெக்கோக் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து தோட்டத்து லாரியில் அரிசி மூட்டைகளோடு என் மேசைக்கு வந்து சேரும்போது தாள்கள் ஈரம் குடித்து அப்பளம்போல் வளைந்திருக்கும். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரை உலர்த்தும் புகைக்கூடத்துச் சுவரோரம் காயவைத்த பிறகுதான் படிப்பேன். அதனால் அப்போஸ்தலர் காலம் முதல் மத்திய காலத்துப் போப்புமார் வரை எல்லாமே எனக்குக் கித்தாப் புகை நாற்றத்தோடுதான் நினைவிருக்கிறது.

அப்போது நான் அந்த ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணி, அதாவது குமாஸ்தா. காலையில் பெரட்டு எடுப்பது, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பதிவது, என் வேலை. முழு நாள் வேலை செய்தவருக்கு ஒரு பேர், பிந்தி வந்தவருக்கு அரைப்பேர். ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. மாதம்தோறும் சில குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கூலியாள் போனால் நாளைக்குக் கிராணியும் போவான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. சபை வரலாற்றுப் பரீட்சையில் தேறினால் ஜோகூர் பாருவில் உபதேசியார் வேலை ஒன்று கிடைக்கும் என்று போதகர் சொல்லியிருந்தார். பக்தியும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் படிக்க வைத்தது பயம்தான்.

எங்கள் ஜெபக்கூடம் முன்பு உரக் கொட்டகையாக இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, நான்கு பெஞ்சு, ஒரே வாசல். பதினெட்டுக் குடும்பமாக இருந்த சபை பதினொன்றாகச் சுருங்கிவிட்டது. போதகர், ஆட்கள் வாயில் ஐயர், பல தோட்டங்களுக்கும் ஒருவரே. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரயிலில் வருவார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற அதிகாரம் அவருக்கு மட்டும் என்பதால், அவர் வந்தால்தான் இராப்போசனம். மற்ற ஞாயிறுகளில் பாட்டு, ஜெபம், வாசிப்பு எல்லாம் என் பொறுப்பு. இராப்போசனப் பந்திக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று போதகருக்குச் சொல்வதும் நான்தான்.

அந்தத் தோட்டத்தில் எனக்கிருந்த சொந்தம் என் அக்காவும் அத்தானும். நான் சிறுவனாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அக்காவும் அத்தானும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள், அந்தப் பாலில்தான் நான் படித்தேன். பள்ளிக்கூடத்துக்கு ரயிலேறிய நாளெல்லாம் எனக்குக் கட்டுச்சோறு கட்டிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவள் பெரட்டுக்கு ஓடுவாள். கிராணி ஆனதும் நான் கிராணிமார் வீட்டுக்குக் குடிபோனேன். அவர்கள் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்தார்கள். வெளியில் கண்டால் அத்தான் என்னைக் 'கிராணி ஐயா' என்று கூப்பிடுவார். அக்கா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கதை என்றால் உயிர். ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டில் சோறு தின்றுவிட்டு, அந்த வாரம் படித்ததைச் சொல்வேன். விசுவாசிகளைச் சிங்கத்துக்குப் போட்டதைச் சொன்னேன். "பாவம், அந்தச் சிங்கத்தையும் பட்டினி போட்டுல்ல வச்சிருப்பாங்க" என்றாள். தூணின்மேல் ஏறி முப்பது வருஷத்துக்கு மேல் இறங்காமலிருந்த ஒரு துறவியைப் பற்றிச் சொன்னேன்.

"அவருக்குச் சோறு யாரு கொண்டு போனாங்க?"

"சீடங்க ஏணி வச்சுக் கொண்டு போனாங்க."

"அப்ப ஏணி ஏறினவந்தான் சாமியாரு" என்றாள். அத்தான் மூலையில் உட்கார்ந்தபடி சிரிப்பார். எனக்கோ எரிச்சல் வரும். நான் கண் விழித்துப் படித்ததை அவள் ஒரு வாய்ச் சொல்லில் புரட்டிப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று தோன்றும்போது இன்னும் பிடிக்கவில்லை.

வைகாசியில் வந்த தபால் கட்டில், விசுவாசத்திலிருந்து விழுந்துபோனவர்களைப் பற்றிய பாடம் இருந்தது. ரோமச் சக்கரவர்த்திகள் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிலைக்கு முன் நிறுத்தி, ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். சிலர் மறுத்துச் செத்தார்கள். பலர் போட்டுப் பிழைத்தார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அப்படிப் பிழைத்தவர்கள் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பி வந்தார்கள். இவர்களைச் சேர்ப்பதா, தள்ளுவதா என்று சபையே இரண்டுபட்டது. கடைசியில் ஆயர்கள் கூடி ஒழுங்கு செய்தார்கள். முதலில் வாசலுக்கு வெளியே நின்று அழ வேண்டும். பிறகு வாசலோரம் நின்று பிரசங்கம் மட்டும் கேட்கலாம். அதன்பின் முழங்காலில் நிற்கலாம். அதற்கும் பிறகு மற்றவர்களோடு நிற்கலாம், ஆனால் பந்தி கிடையாது. எல்லாம் முடியப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகும்.

எனக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துப்போயிற்று. தினமும் ஆட்களை வரிசையில் நிறுத்துகிறவனுக்கு அது பழக்கப்பட்ட விஷயம். கோடு கிழித்து, கட்டம் போட்டு, நான்கு படிகளையும் மனப்பாடம் செய்தேன். பாடத்தின் கடைசிப் பக்கத்தில் 'மற்ற ஒழுங்குகள்' என்று சிறிய எழுத்தில் கொஞ்சம் இருந்தது. பழைய கேள்வித்தாள்கள் எதிலும் அதிலிருந்து கேள்வி வரவில்லை. பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'வேண்டியதில்லை' என்று ஓரத்தில் எழுதி, பாடக்கட்டைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

அந்தக் கட்டு வருவதற்கு முந்திய மாதம் அக்காவின் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஆறு வயசுப் பிள்ளை, ஒரே பிள்ளை. கண் திறக்க முடியாமல் ஒரு வாரம் கிடந்தது. நான் ஜெபம் செய்தேன், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் களிம்பு கொடுத்தார், அக்கா வேப்பிலையில் கிடத்தினாள். பிள்ளை பிழைத்தது. வைகாசிக் கடைசியில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நடந்தபோது, மஞ்சள் சேலை கட்டி, கையில் காப்புக் கட்டி, தலையில் பால்குடம் சுமந்து அக்கா ஊர்வலத்தில் போனாள். ஒளித்து மறைத்து அல்ல, எங்கள் ஜெபக்கூடத்தைத் தாண்டித்தான் போனாள். வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் மூத்தவரான கங்காணி என்னிடம் வந்தார். "எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். வேற யாரும் பால்கொடம் எடுத்திருந்தா என்ன செய்வீங்க கிராணி ஐயா? ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. உபதேசியார் ஆகப் போகிறவனுக்கு இந்தப் பேச்சு வரலாமா? சொந்த அக்கா என்று விட்டுவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? அந்த வாரம் முழுவதும் இதே நினைப்பு. கையில்தான் ஒழுங்கு இருந்ததே, பழைய ஆயர்கள் கூடிச் செய்த ஒழுங்கு. குரங்கு கையில் பூமாலை அகப்பட்ட கதைதான்.

அக்காவிடம் போய், "நீ செஞ்சது தப்புன்னு ஒனக்குத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"எது? பால்கொடமா? புள்ள பொழைக்கணும்னு ஏசுசாமிகிட்ட அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி, ஆத்தாளுக்கும் நேந்துக்கன்னா. நேந்துக்கிட்டேன். புள்ள பொழச்சிருச்சு. யாரு குடுத்தாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு எடத்துலயும் நன்றி சொல்லிட்டேன்."

விழுந்துபோனவர்களின் கதையைச் சொன்னேன். வழக்கம்போல் வாயைத் திறந்து கேட்டாள். "ஒரு சிட்டிகை சாம்பிராணிக்கா பத்து வருஷம்?" என்றாள்.

"நம்ம சபையில அம்புட்டு இல்ல. இருவது ஞாயிறு வாசலுக்கு வெளிய நிக்கணும். அப்புறம் பந்தியில சேந்துக்கலாம்." நான்கு படிக்கு எங்கள் கொட்டகையில் இடமில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே படியாகச் சுருக்கியிருந்தேன். இருபது என்ற எண் என் சொந்தக் கற்பனை.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது ஒன் பரீச்சைக்கு ஆகுமா?" என்று கேட்டாள்.

பரீட்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் போதகருக்குத் தெரிந்தால் பாடத்தை நடத்தியே காட்டிவிட்டான் என்று மெச்சுவார் என்ற ஆசை எனக்குள் இருந்தது. "ஆகும்" என்றேன்.

"அப்ப நிக்கிறேன். ஒன்ன இம்புட்டுத் தூரம் கொண்டாந்துட்டு இதுக்கா பின்வாங்கப் போறேன்?" என்றாள்.

ஆனி முதல் ஞாயிறு தொடங்கி அவள் வெளியே நின்றாள். அத்தானும் கூட நிற்கப் பார்த்தார். "நீ உள்ள போ. ரெண்டு பேரும் வெளிய நின்னா தம்பிக்கு அசிங்கம்" என்று அவள்தான் அவரை உள்ளே அனுப்பினாள். பிள்ளை மட்டும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றது. பிள்ளைக்கு ஒரு தண்டனையும் இல்லை, உள்ளே வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. உள்ளே நாங்கள் பத்துக் குடும்பம் பாடும் பாட்டைவிட வெளியே இருந்து அவள் பாடுவது உரக்கக் கேட்கும். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது ஒவ்வொருவருக்கும் தோத்திரம் சொல்வாள். அழ வேண்டிய இடத்தில் நின்று இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபமாக இருந்தது.

அதற்காகத்தானோ என்னவோ, பெரட்டுப் புத்தி எனக்கு வந்தது. ஒரு நோட்டில் ஞாயிறு ஞாயிறாகக் குறித்தேன். நின்றால் ஒரு பேர். இரண்டாம் பாட்டுக்குப் பிறகு வந்தால் அரைப்பேர். வேலையிருந்து வராத ஞாயிறு கணக்கில் இல்லை. ஒருநாள் பிள்ளையின் சட்டையைத் துவைத்துக் காயவைத்து வரப் பிந்திவிட்டாள், அரைப்பேர் போட்டேன். வேறொரு நாள் வெயில் தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர் மரத்தடிக்குப் போனாள், அதற்கும் அரைப்பேர் போட்டேன். இந்த நோட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது.

ஆடியில் வந்த தபால் கட்டில் மத்திய காலம் இருந்தது. போப்போடு மோதிய ஓர் அரசனைப் போப்பு சபையிலிருந்து தள்ளிவிட்டார். அரசன் பனிமலை தாண்டி வந்து, போப்பு தங்கியிருந்த கோட்டை வாசலில் வெறுங்காலோடு பனியில் நின்று மன்னிப்புக் கேட்டான். ஞாயிறு மத்தியானம் இதைச் சொன்னேன். அவளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"பனின்னா?"

"சிகாமட்டு டவுன்ல சீனன் கடையில மரத்தூளுக்குள்ள ஐஸ் வச்சிருப்பான்ல? அது தரை பூரா கெடந்தா எப்பிடியிருக்கும்?"

"ஐயோ! கால் என்னத்துக்காவும்? எத்தன நாள் நின்னாரு?"

"மூணு நாள். அப்புறம் மன்னிச்சுச் சேத்துக்கிட்டாங்க."

அக்கா அத்தானைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ராசாவுக்கு மூணு நாளு, பால் வெட்டுறவளுக்கு இருவது ஞாயிறா? நல்லாருக்குடா ஒங்க நாயம்!" என்று சொல்லிக் கைதட்டிச் சிரித்தாள். அன்று அத்தான் சிரிக்கவில்லை. நான் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனேன். அதன்பிறகு நான் அவளுக்குக் கதை சொல்லவில்லை.

புரட்டாசியில் போதகர் வந்தபோது எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். வயசானவர், இரண்டு நாள் ரயிலில் அலைந்த களைப்பு. "கண்டிப்பு வேணுந்தான்" என்றார். கொஞ்சம் கழித்து, "ரொம்ப இழுத்துராதப்பா. நிக்கிறவங்க களைச்சுப் போவாங்க" என்றார். முதல் வார்த்தை மட்டும்தான் என் காதில் ஏறியது. அன்று இராப்போசனம் நடந்தது. அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று, அப்பம் கைமாறுவதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு நான் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஊற்றத் தொடங்கியது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளையைச் சாக்குக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு, அக்கா கூரைத் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணியே, "உள்ள வரச் சொல்லலாமே ஐயா" என்றார். வாசிப்பை நிறுத்தாமல், நடுவில் பேசக்கூடாது என்று கையால் காட்டினேன். அந்தக் கை என்னுடையதுதான். இன்றைக்கும் எழுதுவது அந்தக் கையால்தான்.

கார்த்திகையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. குளிர்காய்ச்சல் அந்தத் தோட்டத்தில் யாருக்கு வரவில்லை? டிரஸ்ஸர் கொயினா மருந்து கொடுத்தார். நான் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பூத்த கண்ணோடு, "பரீச்சை எப்ப?" என்று கேட்டாள். மாசியில் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் போதகர் வந்தார். ஞாயிறு காலையில் நான் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் பின்பக்கமாக வந்து நின்றார். பார்க்க ஆள் யாருமில்லாததால் 'மாப்ள' என்று கூப்பிட்டார்.

"மாப்ள, ஐயரு வந்திருக்காராமேன்னு கேட்டா. அவளால எந்திரிக்க முடியல. ஆராதன முடிஞ்சதும் ஐயர வீட்டுக்குக் கூட்டியாந்து அப்பம் குடுக்கச் சொல்லுவியாம். கேட்டுட்டு வரச் சொன்னா."

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் சாகக் கிடக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சலைச் சாக்கு வைத்துத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது. போதகரை என் அக்கா வீட்டுக்கு நானே அழைத்துப் போனால் கங்காணி என்ன சொல்வார் என்றும் தோன்றியது.

"இன்னும் ரெண்டு ஞாயிறு பாக்கி இருக்கு அத்தான். அடுத்த தடவ ஐயர் வரும்போது பாத்துக்கலாம்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆராதனைக்கு அவர் வரவில்லை.

மத்தியானம் லாரி ஏறுமுன் போதகர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "வீட்டுக்கு வந்து இராப்போசனம் குடுக்க வேண்டியவங்க யாரும் இருக்காங்களா?"

"இல்லைங்க ஐயா" என்றேன்.

புதன்கிழமை அவளுக்குச் சிறுநீர் கறுத்துப் போயிற்று. கருநீர்க் காய்ச்சல் என்று டிரஸ்ஸர் சொன்னார், கையைப் பிசைந்தார். வியாழக்கிழமை காலைப் பெரட்டில் அத்தான் பேரைக் கூப்பிட்டேன், ஆள் இல்லை. அக்கா பேர் அடுத்தது. அதைக் கூப்பிடுவதற்குள் லயத்திலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

போதகரை வரவழைக்க ரயிலுக்கும் தபாலுக்கும் காத்திருக்க முடியாது, அன்றே அடக்கம் செய்தாக வேண்டும். நான்தான் வாசித்தேன். மழை நின்றிருந்தது, குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அடக்கப் புத்தகத்தைத் திறக்கும்போது, தண்டனை முடியாதவளுக்கு இதை வாசிக்கலாமா என்று ஒரு கேள்வி என் மனதில் எழுந்தது. நான் செய்த மற்றதையெல்லாம் அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியும். பெற்றவளைப் போல வளர்த்தவளின் குழி ஓரத்தில் நின்று இப்படி நினைத்ததற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த நோட்டை எடுத்து எண்ணினேன். அவள் நின்றது இருபது ஞாயிறு. அதில் நான்கை அரையாகக் குறைத்துப் பதினெட்டு என்று நான் கூட்டி வைத்திருந்தேன்.

தை மாதம் பரீட்சைக்குத் திருப்பிப் படிக்கப் பெட்டியைத் திறந்தேன். படிக்க மனமே இல்லை. ஆனால் விட்டால் அவள் நின்றது வீண் என்று ஒரு முரட்டு எண்ணம் பிடித்து உந்தியது. வைகாசிக் கட்டைப் பிரித்தபோது கடைசிப் பக்கத்தில் என் பென்சில் கோடு கண்ணில் பட்டது. 'வேண்டியதில்லை.' இம்முறை வாசித்தேன். விழுந்துபோனவர்களுக்குத் தண்டனைக் காலம் வகுத்த அதே ஆயர்கள் கூட்டமான நிசேயா சங்கம் இன்னொன்றையும் ஒழுங்கு செய்திருந்தது. தண்டனைக் காலம் முடியாத ஒருவர் சாகும் தறுவாயில் இராப்போசனம் கேட்டால் மறுக்கக்கூடாது. இது அதற்கும் முன்பிருந்தே வந்த வழக்கம், கைவிடக்கூடாதது. அந்த அப்பத்துக்குப் பழைய சபையார் வைத்திருந்த பேருக்கு, வழிப்பயணத்துக்கான உணவு என்று பொருளாம். நம் பேச்சில் சொன்னால் கட்டுச்சோறு.

தாளை மடித்து வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அன்று என்னென்ன எழுதினேன் என்று நினைவில்லை. பெரிய கிராணி இரண்டு முறை திட்டினார்.

மாசியில் ஜோகூர் பாருவில் போதகர் வீட்டு மேசையில் பரீட்சை எழுதினேன். அவருக்கு அக்கா இறந்ததைக் கடிதத்தில் எழுதியிருந்தேன், மற்றதை எழுதவில்லை. இப்போது நேரில் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேட்டேனேப்பா" என்றார். பிறகு உறையைக் கிழித்துக் கேள்வித்தாளைக் கொடுத்தார். நான்காம் கேள்வி: தண்டனைக் காலத்தில் மரிக்கும் தறுவாயிலிருப்போர் விஷயத்தில் ஆதிச்சபை செய்த ஒழுங்கு யாது? எந்த வருஷமும் வராத கேள்வி அந்த வருஷம் வந்தது. எனக்கு ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.

சித்திரையில் விடைத்தாள் கப்பலில் திரும்பி வந்தது. தேறிவிட்டேன், வேலையும் உறுதி. நான்காம் விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'தெளிவான விடை' என்று எழுதியிருந்தது.

அந்த ஞாயிறு பின்னேரம் அத்தான் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பேர் வந்துவிட்டது. புதன்கிழமை ரயில், அப்புறம் கப்பல். சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். பிள்ளை வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டது. அவர் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பாஸாயிட்டியாமே மாப்ள. அவ இருந்திருந்தா லயம் பூரா சொல்லியிருப்பா." மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். "இதுதான் அதா? செவப்புல என்னமோ எழுதியிருக்கே?"

அவருக்கு எழுத்து தெரியாது. எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது பொய் சொல்ல வரவில்லை. கேள்வியை வாசித்தேன். விடையையும் வாசித்தேன், மெதுவாக, ஒரு வரி விடாமல். அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தச் சட்டத்த எப்பப் போட்டாங்க?"

"ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முன்ன."

"ஒன்கிட்ட எப்ப வந்துச்சு?"

"வைகாசியில" என்றேன்.

அவர் விரலை மடக்கினார். வைகாசி, ஆனி, ஆடி என்று உதடு மட்டும் அசைய, கார்த்திகை வரை எண்ணினார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து, "மாமாவுக்குத் தோத்திரம் சொல்லு, போகலாம்" என்றார்.

"உள்ள வந்து சொல்லும்மா" என்றேன்.

பிள்ளை அசையவில்லை. படிக்கு வெளியே நின்றபடியே கையைக் கூப்பி, "தோத்திரம் மாமா" என்றது.